சர்க்கரைத் தண்ணீரும் எரிந்தது

ராஜபாளையத்தில் மிளகாய்ச் சத்து எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில், ஜெயபாய் முதலில் காம்பு கிள்ளும் பெண்களில் ஒருத்தியாகத்தான் இருந்தாள். 1986இல் கெமிஸ்ட் ஸுந்தரராஜன் காரம் பார்க்க ஐந்து பேரைப் பொறுக்கியபோது அவளையும் லேபுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற, அதிர்ந்து பேசாத மனிதர்.

மிளகாயை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார். பத்தாயிரம் பங்கு, இருபதாயிரம் பங்கு என்று தண்ணீர் கூடக் கூட எரிச்சல் குறையும். ஐந்து பேரில் மூன்று பேராவது "எரியுது" என்று சொல்லும் கடைசிக் கலவை எதுவோ, அந்த எண்தான் சரக்கின் காரம். ஒரு மடக்கு, துப்பல், கொப்பளிப்பு, ஐந்து நிமிஷம் சும்மா இருத்தல். வெயிலில் குந்திக் கை காந்தக் காம்பு கிள்ளியவளுக்கு அது ராஜ உத்தியோகம்.

இரண்டாவது வருஷத்தில், மற்றவர்கள் தயங்கும் கலவையிலும் அவளுக்கு எரிந்தது. "ஜெயபாய்க்கு இருக்கிறது நாக்கா, மீட்டரா?" என்பார் முதலாளி. அதைப் புருஷன் தவசிமுத்துவிடம் சொல்லிச் சிரிப்பாள். வேலை முடிந்து வெளியே வந்ததும் மடியிலிருந்து பாக்குத்தூளை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். கல்யாணத்துக்கு முந்தைய பழக்கம். வீட்டுக் குழம்பில் மிளகாயைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் விட்டேவிட்டாள்.

1989இல், அனுப்பிய சரக்கில் சொன்ன காரம் இல்லை என்று வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. ஸுந்தரராஜன் ஜெயபாயிடம் ஒரு கிளாஸில் மிளகாயே கலக்காமல் கொடுத்தார்.

"எரியுது சார்."

இன்னொன்று கொடுத்தார். அதுவும் எரிந்தது.

"வெறும் சர்க்கரைத் தண்ணிம்மா இது. இத்தனை நாளும் இப்படித்தான் சொல்லிண்டிருந்தியா?"

"சத்தியமா எரியுது சார். பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?"

மற்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்றே அவளை லேபிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தவசிமுத்து அவளை மதுரைக்கு அழைத்துப் போனான். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் இரண்டுகூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல இறுகியிருந்தது.

"பாக்கு பண்ணின வேலை. எது பட்டாலும் எரியும். இனிமே பாக்கைத் தொடாதே. ஆனா இறுகினது பழையபடி இளகாது."

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் கெமிஸ்ட் வீட்டு வாசலில் நின்றாள்.

"நான் பொய் சொல்லலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அம்புட்டுப் பேரும் என்னையக் கள்ளியாட்டம் பாக்காக."

அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"எழுதினா, ரெண்டு வருஷமா நோய் வாயை நம்பி நான்தான் தப்பு நம்பர் போட்டேன்னு ஆயிடும். என்னால முடியாதும்மா."

"நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியுதுல்லா சார்?"

"தெரியறது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுபடியும் காம்பு கிள்ளப் போனாள். மிளகாய் நெடியில் தும்மல் வந்தால் தாடை விண்ணென்று இழுக்கும். 1994இல் கன்னத்தில் வந்த புண் ஆறவில்லை, புற்று என்றார்கள். பல்லிடுக்கில் தவசிமுத்து ஊற்றும் கஞ்சிதான் சாப்பாடு.

லேபில் அவளோடு காரம் பார்த்த சுந்தரம்மாள் ஒருநாள் பார்க்க வந்தாள்.

"எக்கா, உனக்கு எரியுதுன்னா நாங்களும் எரியுதுன்னு சொல்லிருவோம். எங்க நாக்கு மட்டம்னு நெனச்சிருவாகளோன்னு பயம்."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?" சொற்கள் பல்லுக்குள்ளேயே நின்று குழறின.

"வேலை போயிருமேக்கா."

ஜெயபாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த தவக்காலத்தில், ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளை அடக்கம் செய்தார்கள்.