மடக்குக் கத்திக்கு வந்த சிங்காரம்

எண்பத்திரண்டோ எண்பத்திமூன்றோ இருக்கும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், தோட்டத்திலேயே நாங்கள் குடியிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு. லீவு விட்டால் மனுஷன் சும்மா இருக்கணுமே! நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் துடைக்கிறேன் பேர்வழி என்று பிரித்து, கடைசியில் காயலான் கடைக்குத்தான் போட்டோம்.

அந்த வாரம் அவர் கண் என் மடக்குக் கத்தி மேல் விழுந்தது. எப்போதும் இடுப்பில் செருகியிருப்பேன். வாழை இலை அறுக்க, கயிறு வெட்ட, சாக்குத் தையல் பிரிக்க, எல்லாத்துக்கும் அதுதான். பிடியின் இரண்டு பக்கமும் இருந்த மரத்துண்டு தேய்ந்து பிளந்திருந்தது, வாஸ்தவம். ஆனால் மாற்றிக் கொடுங்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்டேனா? லாரி கேபினுக்கு ஒட்டியது போக மிஞ்சிய சிவப்பு சன்மைக்காவை எடுத்துவைத்து, காலையிலிருந்து அறுப்பதும் அரம் போட்டுத் தேய்ப்பதும்தான். பழைய மரத்தைப் பெயர்த்துவிட்டு, இரண்டு ட்யூப் பசையைக் கலந்து புதுசை ஒட்டி, நடுவில் பித்தளையில் ஒரு நட்சத்திரம் வேறு பதித்தார்.

"நாளைக்குக் காலையில வரைக்கும் தொடாத புள்ள. பசை காயோணும்" என்றார்.

"நல்லா இருந்த கத்திக்கு எதுக்குங்க இந்தச் சிங்காரம்?" என்று எரிந்து விழுந்தேன். சாயங்காலம் மாட்டைப் பார்க்கக் கிளம்பும்போது, பழக்க தோஷம், கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், எருக்குழி ஓரத்து வேப்பமரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி குழிக்குள் சரிந்து தொங்குகிறது! கழுத்துக் கயிறு இறுகி நாக்கு வெளியே வந்துவிட்டது. கத்தியை எடுத்துத் திறக்கிறேன், வரவில்லை. நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்து இழுத்தேன். ஊஹூம்! பசை உள்ளே வழிந்து, அலகும் பிடியும் ஒன்றாகிக் கிடந்தது. மரத்தில் கட்டிய முடிச்சும் கனத்துக்கு இறுகி, நகம் நுழையவில்லை.

"ஏனுங்க! ஓடியாங்க! கன்னு போச்சுங்க!"

ஓடி வந்தவர் யோசிக்கவே இல்லை. கட்டிய வேட்டியோடு எருக்குழிக்குள் குதித்து, முழங்கால் சாணியில் நின்று கன்றைத் தோளில் தூக்கிப் பிடித்தார். கயிறு தளர்ந்ததும் நான் கழுத்திலிருந்து உருவி எடுத்தேன். கன்றை மேட்டில் ஏற்றிவிட்டார். அது இருமி, மூச்சு வாங்கி, தள்ளாடி நின்றது. எனக்கு உசுரு வந்தது. உசுரு வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"உங்க நட்சத்திரத்தைக் கொண்டுபோயி அடுப்புல போடுங்க! கன்னு செத்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்று கத்தினேன், அழுதேன். சாணி சொட்டச் சொட்ட நின்றார். அந்தக் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் நானும் பார்த்தேன். கன்றின் கழுத்துக்கு இறுகாத முடிச்சுதான் போட வேண்டும்; தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மத்தியானம் அவசரத்தில் நான் போட்டிருந்தது உருவாஞ்சுருக்கு. இழுக்க இழுக்க இறுகும். அவர் அதையும் மரத்து முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், கத்தியை ஒட்டவைத்த கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி அவர் மானத்தை வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சிரிப்பார். அந்தச் சுருக்கைப் போட்டது யார் என்று ஒருத்தரிடமும், என்னிடம்கூட, அவர் சொன்னதே இல்லை; அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது, என் மேல்.