பீன்ஸ் பல்யாவில் என்ன போடுகிறீர்கள்?

மைசூர் ஹெப்பாளில், ஒரு கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம். சாயங்காலம் கழுத்தில் ஐடி கார்டோடு வரும் பெற்றோரைச் சமாளிப்பதுதான் வேலை.

பிரகாஷ் அப்படித்தான் ஒரு நாள் வந்து நின்றார். மகள் தியாவுக்கு நாலு வயது. வீட்டில் காய் என்றால் வாயைத் திறக்க மாட்டாள், பிஸ்கட்டும் சிப்ஸும்தான். மலச்சிக்கல் முற்றி, தினமும் காலையில் பாத்ரூமில் அழுகிறாளாம். மருந்தை நிறுத்தினால் மறுபடியும் அதே கதை. சாப்பாட்டை மாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இங்க மட்டும் பீன்ஸ் பல்யா சாப்பிடுறாளாமே மேடம். அதுல என்ன போடுறீங்க?"

பல்யா என்பது நம் பொரியல்தான். தேங்காய், உப்பு, தாளிப்பு. செய்முறையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பலிக்கவில்லை. தேங்காய் எந்தக் கடையில் வாங்குகிறோம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு எங்கள் தட்டு மாதிரியே தட்டு வாங்கினார். எனக்கும் காரணம் புரியவில்லை. ஒரு மதியம் எங்களோடு சாப்பிட வாருங்கள் என்றேன்.

காப்பகத்தில் ஆயாக்களும் நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவோம். கொள்கையெல்லாம் இல்லை. எங்களுக்கென்று தனியாகச் சமைக்க ஆள் கிடையாது.

பிரகாஷ் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம் பேசிக்கொண்டே பீன்ஸை விரலால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். தள்ளியது அவருக்கே தெரிந்திருக்காது. தியா அப்பாவின் தட்டைப் பார்த்தாள். தினமும் சாப்பிடுகிறவள், அன்று தன் பீன்ஸையும் ஓரத்துக்குத் தள்ளினாள்.

ஏன் என்று கேட்டேன்.

"அப்பாக்கு பேட. எனக்கும் பேட," என்றாள், பாதிக் கன்னடத்தில். வேண்டாமாம்.

சின்ன வயதிலிருந்தே தனக்கு பீன்ஸ் ஆகாது என்று பிரகாஷ் மெதுவாகச் சொன்னார். வீட்டில் காய் தியாவுக்கு மட்டும்தானாம். பெரியவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல். எனக்குக் கோபம் வந்தது. தினமும் அழுகிறது அந்தக் குழந்தைதானே.

"சார், தேங்கா எந்தக் கடைன்னு அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க சாப்பிடுங்க."

மாத்திரை விழுங்குவது போல் சாப்பிட்டார். தியா கடைசித் துண்டு வரை பார்த்திருந்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள்.

அதன்பின் அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல். உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. சில வாரம் கழித்துத் தியாவை விட வந்த அவள் அம்மா, "இன்னிக்கு அழல மேடம்," என்று சொல்லிவிட்டு, வாசல் கேட்டில் நின்று அவள் அழுதாள்.

பிரகாஷுக்கு இன்றும் பீன்ஸ் பிடிக்காது. தியா எதிரில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொள்கிறாராம்.

ஆகவே, குழந்தை சாப்பிடவில்லை என்று யாராவது வந்தால், வீட்டில் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். குழந்தையைக் கடைசியில் கேட்டால் போதும்.