பஸ்ஸில் அப்பாவின் ஊர் கேட்டவர்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். யாரும் பகிர வேண்டாம்.

இன்று நீச்சல் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்தேன். எத்தனையோ சீற் காலியாக இருந்தும், அப்பா வயதுடைய ஒருவர் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"பிள்ளை தமிழோ?"

"ஓம் அங்கிள்."

"அப்பா எந்த ஊர்?"

இதற்குப் பதில் சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம். ஊரையும் சொன்னேன், அப்பாவின் பெயரையும் சொன்னேன். பிறகு, நீச்சல் எந்தெந்த நாள், வீட்டுக்குத் தனியாகவா நடந்து போவேன் என்று கேட்டார். அப்போதுதான் வாயை மூடினேன்.

"ஏன் பயப்பிடுறீர்? நான் உங்கட ஆள்தானே."

நான் இறங்கும் தரிப்பு வந்ததும் எழுந்தேன். அவரும் எழுந்தார். நான் இறங்காமல் ஓட்டுநருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அந்த அங்கிள் இறங்கி, பஸ் போகும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த தரிப்பிலிருந்து வீடுவரை ஓடினேன்.

சாப்பிடும்போது அப்பாவுக்குப் போன் வந்தது. சிரித்துச் சிரித்துக் கதைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"பஸ்ஸில எங்கட ஊர் ஆளைக் கண்டனியாம். ஊர்ச் சங்கத்தில என்ர நம்பர் எடுத்தவராம். நல்ல மனுசன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன். தன்ர கார் திருத்தி வந்தவுடன, நீச்சலால உன்னைத் தானே ஏத்திக்கொண்டு வாறாராம்."

 பஸ்ஸில் நடந்ததை அப்பாவிடம் சொன்னால், முதலில் நின்றுபோவது என் நீச்சல் வகுப்புத்தான்.

அம்மா ஆட்டிறைச்சியா மீனா என்று யோசிக்கிறார். வருகிற அங்கிளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கப் போவது நான்.

நீங்கள் என்றால் அப்பாவிடம் எந்த வசனத்தில் தொடங்குவீர்கள்? ஞாயிறுக்கு முன் சொல்லுங்கள்.