காட்சி குறைவான அறை

உயிர்காப்புப் படகுகளுக்கு வட்ட பிஸ்கட். லிஃப்ட் இருக்கும் இடங்களுக்குச் சர்க்கரைக் கட்டி. நாடக அரங்குக்கு என் தேநீர்க் கோப்பையின் தட்டு. கப்பலின் ஐந்தாம் தளத்தை நான் வரைபடத்தைப் பார்த்து வாசிக்க வாசிக்க, பெரில் பென்ஃபோல்ட் அதை என் மேசைமேல் பரப்பி முடிப்பார். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். நடுவில் ஓரிடத்தில் விரல் நிற்கும்.

"இந்த அறைக்கு மேல என்ன இருக்கு கண்ணு?"

"இன்னொரு அறை. அதுக்கு மேல படகு தொங்குது."

"கீழ?"

"கீழயும் அறைதான். ஆனா அங்க பால்கனி கிடையாது, வட்டக் கண்ணாடி மட்டும்தான்."

"அப்ப பால்கனியில இதுதான் கடைசி. இதுக்குக் கீழ தண்ணி." ஒரு படகை எடுத்துக் கடித்துக்கொள்வார். "இதையே போடு."

சவுதாம்ப்டனில், ஷெர்லி கடைத்தெருவில், இந்தப் பயண அலுவலகத்தில் நான் உட்கார்ந்து இருபத்தாறு வருஷமாகிறது. கப்பலில் அறை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: மேலே. இன்னும் மேலே. மேல்தளத்துக்குப் போகப் போகக் கட்டணமும் ஏறும், மனிதர்களின் கழுத்தும் நிமிரும். ஐந்தாம் தளத்துப் பால்கனிகள் கிடைத்தவர்கள் ஏதோ தோற்றுப்போனவர்கள் மாதிரி எழுந்து போவார்கள். தொங்கும் படகுகள் வானத்தை மறைக்கும், தடுப்பு கண்ணாடி இல்லை, இரும்பு. நிறுவனமே அவற்றுக்குப் பட்டியலில் 'காட்சி குறைவான அறை' என்று பெயர் வைத்திருக்கிறது. பெரில் அந்த வரியை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பார்.

பெரிலுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை.

முதல் தடவை வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு பால்கனி எதுக்கு? உள்ளறை எடுத்தா பாதிப் பணம் மிச்சம்" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீ சினிமாவுக்குப் போறப்ப காதைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டுப் போவியா?" என்றார். என் காது மடல் சுட்டது. அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுத்ததே இல்லை.

எழுபத்தாறு வயது. குட்டையான உருவம், மழை இல்லாத நாளிலும் நீல மழைக்கோட்டு. கழுத்தில் கயிறு கட்டிய ஃபோன் தொங்கும். கடைக்குள் நுழைந்ததும் வெள்ளைக் கம்பை நாலாய் மடித்துப் பைக்குள் போட்டுவிடுவார். எந்த நாற்காலி எங்கே என்று அவருக்குத் தெரியும். யாராவது நகர்த்தியிருந்தால் அன்று அவர்களுக்கு அர்ச்சனைதான்.

நகர மன்ற அலுவலகத்துத் தொலைபேசி இணைப்பு மேசையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். குப்பை எடுக்கவில்லை என்று கத்துகிறவன், கல்லறையில் இடம் கேட்டு அழுகிறவள், எல்லாரையும் சரியான ஆளிடம் சேர்த்துவிட்டவர். குரலைக் கேட்டே ஆளை எடை போட்டுவிடுவார். "இவன் நின்னுக்கிட்டே பேசறான்." "இவ இன்னும் சாப்பிடல." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆன பிறகும், பக்கத்தில் இருப்பவரிடம் ஃபோனைக் கொடுக்கும்போது, "இருங்க, இணைக்கிறேன்" என்றுதான் சொல்வார்.

கடலுக்கு அவர் போக ஆரம்பித்தது தாமதமாகத்தான். முதல் பயணத்தில் யாரோ நல்ல மனசுக்காரர் பன்னிரண்டாம் தளத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். "அங்க கடலே இல்ல கண்ணு. வெறும் காத்து. ஏழு நாளும் பெரிய மின்விசிறிக்கு முன்னால உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு." மறுவருஷம் ஐந்தாம் தளம். தலைக்கு மேல் படகுகள் காற்றைத் தடுக்க, கப்பலின் வயிற்றில் தண்ணீர் உரசுவது நேராக நாற்காலிக்கே வந்திருக்கிறது. வேகம் கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் ஒன்று. நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் ஃபியோர்டுக்குள் கப்பல் போகும்போது அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வருமாம். "மலை எவ்வளவு கிட்டத்துல நிக்குதுன்னு நான் சொல்லுவேன். அத்தனை பேரும் மேல நின்னு படம் பிடிச்சுக்கிட்டிருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாது." துறைமுக நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்குக் கடல் வீட்டு வாசலில்தானே என்றால் உதட்டைப் பிதுக்குவார். "இங்க இருக்கறது கடலா? தொட்டி. வருஷத்துல ஏழு நாள்தான் எனக்குக் கடல்."

இந்த வருஷம் அந்த ஏழு நாளுக்குத்தான் நான் வேட்டு வைத்தேன்.

மே மாதம், ஒரு புதன்கிழமை. சனிக்கிழமை கப்பல். பெரிலின் தம்பி டெரிக், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், ஒவ்வொரு வருஷமும் கூடப் போகிறவர், கையில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். பின்னால் பெரில். கம்பை மடிக்கவில்லை. அதைப் பார்த்ததுமே நான் அவருடைய பதிவைக் கணினியில் திறந்தேன்.

"பதினோராம் தளம்!" என்றார் டெரிக். "ரெண்டு பேருக்கும்! கண்ணாடித் தடுப்பு! பைசா வாங்காம மாத்திக் கொடுத்திருக்கான். நான் கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யார் கேட்டா?" என்றார் பெரில்.

"யாரும் கேக்க வேண்டாம். அதுக்குப் பேருதான் பரிசு."

"கேட்டதைப் பிடுங்கிட்டுக் கேக்காததைக் கொடுக்கறதுக்குப் பேரு பரிசாடா?"

"ஐயோ பெரில், உனக்கு அஞ்சா இருந்தா என்ன, பதினொண்ணா இருந்தா என்ன? நீ என்ன பார்க்கவா போற?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. நான் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

பெரில் குரலை உயர்த்தவே இல்லை. "அதேதான் நானும் சொல்றேன். நான் பார்க்கப் போறதில்ல. அப்புறம் எதுக்கு என்னைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பார்க்கிற இடத்துல வைக்கிறான்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் மூச்சு விடாம இருக்க? என்ன பண்ணித் தொலைச்ச?"

உண்மையைச் சொன்னேன். பதிவுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: 'மேல் வகுப்புக்கு மாற்ற வேண்டாம்.' அதில் குறி போடாமல் விட்டால், மேலே இடம் காலியாக இருக்கும்போது கணினி தானாகவே ஆளைத் தூக்கிவிடும். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தை நான் தொட்டதே இல்லை. "'மேல வேண்டாம்'னு யாரு கேட்டா?" என்றேன்.

"நான் கேட்டேன். மார்ச்சுல. இதே நாற்காலியில உக்காந்து."

கேட்டார்தான். நானும் "சரி சரி" என்றேன்தான். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது. மறுநாள் மதியத்தோடு அறைப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குள் மாறாவிட்டால் பெரில் கப்பலேறப் போவதில்லை. அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. "மின்விசிறி வீட்டுலயே இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"எழுந்திரு" என்றார் என்னிடம். என் நாற்காலியில் உட்கார்ந்து என் ஃபோனை இழுத்துக்கொண்டார். நான் வாசித்த எண்ணை அழுத்துவதற்கு அவருக்குக் கண் எதற்கு, விரல் தானாக ஓடியது. ஒலிபெருக்கிப் பொத்தானையும் தட்டினார். முப்பத்து நாலு வருஷம் கம்பியின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

முதலில் கப்பல் நிறுவனத்தில் ஃபின்லி என்றொரு பையன் எடுத்தான். "மேடம், இது முற்றிலும் இலவசம். அங்கேயிருந்து காட்சி ரொம்பப் பிரமாதமா இருக்கும்..."

"திரையில எழுதியிருக்கறதைப் படிக்காத கண்ணு. எனக்கு நான் பதிவு பண்ணின 5318 வேணும்."

"அது காட்சி குறைவான அறை மேடம்."

"குறையட்டும்."

டெரிக் என் காதில் கிசுகிசுத்தார்: "கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நிமிஷம் கொடுத்துடுவான். நீங்க சொல்லுங்களேன்." எனக்கும் அதேதான் தோன்றியது. கப்பலின் பாதுகாப்புப் படிவத்தில் அதை எழுதித்தான் இருக்கிறோம். ஆபத்து நேரத்தில் யார் வந்து அழைத்துப்போவது என்பதுவரை பெயரோடு முடிவாகியிருக்கிறது. பதிவுப் பிரிவுக்காரர்களிடமும் சொன்னால் என்ன? நான் மெதுவாக ஃபோன் பக்கம் குனிந்தேன்.

பெரில் ஃபோனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். "ஒரு வார்த்தை சொன்ன, இந்தக் கடைப் படியை இனி மிதிக்க மாட்டேன். அதைச் சொன்னா அவன் பரிதாபப்பட்டுக் கொடுப்பான். நான் காசு கொடுத்து வாங்கினதை எதுக்கு அவன்கிட்டப் பிச்சையா வாங்கணும்?"

நான் நிமிர்ந்துகொண்டேன். டெரிக் சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

ஃபின்லி காத்திருக்கச் சொன்னான். பியானோ இசை ஓடியது. பெரில் பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இசை நின்று, மறுபடி ஃபின்லி, மறுபடி இசை. ஒரு தடவை இணைப்பு அறுந்தது. "அறுந்துபோகல, அறுத்துட்டான்" என்றபடி திரும்ப அழைத்து, இந்தத் தடவை வேறு வாசல் வழியாக நுழைந்தார்: கட்டணப் பிரிவைக் கேட்டு, அங்கிருந்து அவர்களின் மேலாளரின் நேர் எண்ணுக்கு. எப்படி வாங்கினார் என்று கேட்காதீர்கள். தன்னையும் அந்த நிறுவனத்து ஆள் என்று கட்டணப் பிரிவுப் பெண் நினைத்துக்கொள்ளும்படி ஒரு குரலில் பேசினார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். கப்பலின் படகுகள் முழுவதும் தீர்ந்துபோயின.

மேலாளர் திருமதி ஹெஸ்கெத். களைத்த குரல். "அறை இன்னும் யாருக்கும் போகல. திருப்பிக் கொடுக்கலாம். ஆனா காரணம் போடாம கணினி விடாது. பட்டியல்ல இருந்து ஒண்ணு சொல்லுங்க. உடல்நலக் குறைவா?"

"இல்ல."

"உயரம்னா பயமா?"

"எனக்கா? இல்ல."

"மாற்றுத்திறனாளியா?"

டெரிக் சன்னலிலிருந்து திரும்பினார். ஒரு 'ஆமாம்' போதும். பெரில் விரலால் மேசையிலிருந்த பிஸ்கட் துகளைத் தேடித் தேடி ஒரே இடத்தில் சேர்த்தார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார். "கடைசியா 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்குமே, எப்பவும் இருக்கும். அதுல எழுதுங்க: இந்த அம்மாவுக்குத் தண்ணி பக்கத்துல வேணுமாம்."

அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் ஒலி. "அப்படியே எழுதியிருக்கேன்" என்றார் திருமதி ஹெஸ்கெத். "5318. இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல மேடம். உங்க தம்பி அறையையும் கீழ இறக்கட்டுமா?"

"அவன் மேலயே இருக்கட்டும். பரிசு வாங்கினவன்."

ஃபோனை வைத்துவிட்டு என் நாற்காலியிலிருந்து எழுந்தார். கம்பை விரித்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தக் கட்டம் எங்க இருக்குன்னு இனி உனக்குத் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். டெரிக் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம். எனக்கு எதிரே புதிதாய்க் கல்யாணமான ஜோடி ஒன்று உட்கார்ந்து, பதினான்காம் தளமா பதினைந்தா என்று பேசிக்கொண்டிருந்தது. மேசை ஃபோன் அடித்தது.

"ஃபியோர்டுக்குள்ள வந்துட்டோம்" என்றது பெரிலின் குரல். "இடப்பக்கம் மலை. ரொம்பக் கிட்டத்துல."

"டெரிக் எப்படி இருக்கார்?"

"இங்கதான், என் நாற்காலியில. நேத்தும் இங்கதான் கெடந்தான். மேல காத்து காதை அடைக்குதாம். தூங்கறான், குறட்டையைக் கண்டுக்காத."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"பேசாம இரு கண்ணு. இணைக்கிறேன்."

கழுத்துக் கயிறு இரும்புத் தடுப்பில் உரசுவது கேட்டது. அவர் ஃபோனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்துவிட்டார்.