பாங்காக்கில் என்ன இருக்கிறது

சாணார்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சண்முகவள்ளியின் உரக்கடை. நான் தக்காளி போடுகிறவன். விதைக்கும் பூச்சி மருந்துக்கும் அங்கேதான் போவேன். உள்ளே நுழைந்தால் நேர் எதிரே அவர் கணவர் முத்துக்கிருஷ்ணனின் மாலை போட்ட படம் இருக்கும். இறந்தவர் படம் என்றால் முகம் மட்டும்தானே இருக்க வேண்டும்? இதில் அவருக்குப் பின்னால் கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு, கையில் தடியை ஊன்றி, பச்சை நிறத்தில் ஒரு ராட்சசச் சிலையும் நிற்கும். மனிதர் சிரித்தபடி இருக்கும் படம் அது ஒன்றுதான். போட்டோக்கடைக்காரர் பின்னால் இருப்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்டாராம். "அவரு பாத்த எடமாச்சும் இருக்கட்டும்" என்று சண்முகவள்ளி சொல்லிவிட்டார்.

எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதை ஏதோ முனி என்று நினைத்துவிட்டார்கள். விதை வாங்கினால் பொட்டலத்தை அந்தப் படத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அந்த வருஷம் விளைச்சல் மோசமில்லை.

அது பாங்காக்கில் எடுத்த படம். நன்றாக விற்றுக் கொடுக்கிற கடைக்காரர்களை மருந்துக் கம்பெனிக்காரர்கள் இப்படிச் சுற்றுலா கூட்டிப்போவது உண்டு. முத்துக்கிருஷ்ணன் இரண்டு தடவை போனார். வந்ததும் வராததுமாக, "என்ன பாத்தீங்க?" என்று சண்முகவள்ளி கேட்பார். "ஒண்ணுமில்ல. ஒரே மழை. வெஞ்சனம் வாயில வைக்க வெளங்கல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லாரியிலிருந்து யூரியா இறங்கிய கதையை அரை நாள் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஒரு நாட்டுக்கே போய்வந்த கதையைச் சொல்ல வாய் வராது. எங்கள் ஆம்பளைகளின் லட்சணம் அப்படி. பெண்டாட்டியிடம் சந்தோஷத்தைச் சொன்னால் ஏதோ குறைந்துபோகும்.

முத்துக்கிருஷ்ணன் இறந்த பிறகு இவர் கடையை இழுத்து மூடிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சண்முகவள்ளி மூடவில்லை. எந்த இலைக்கு எந்த மருந்து என்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். போன வருஷம் அவருக்கும் பாங்காக் சுற்றுலா கிடைத்தது. கம்பெனி மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மேடம், லேடீஸ் யாரும் வர்றதில்ல. உங்களுக்கு டபுள் டோர் ஃப்ரிட்ஜ் தந்துர்றோம்" என்றார். பாங்காக் என்றாலே ஆண்கள் தங்களுக்குள் கண்ணடித்துக்கொள்கிற விஷயம். நடுவில் ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தால் அது பழனி யாத்திரை ஆகிவிடாதா?

முத்துக்கிருஷ்ணனோடு முன்பு போய்வந்த, இந்தத் தடவையும் போகிற ரெட்டியார்சத்திரத்துக் கடைக்காரர் ஈஸ்வரனும் போன் செய்தார். "மதினி, பேசாம ஃப்ரிட்ஜ வாங்கிக்கங்க. அங்க ஒண்ணுமில்ல."

அதே வார்த்தை. அதைக் கேட்டதும்தான் சண்முகவள்ளி முடிவு செய்தார். அந்த ஒன்றுமில்லாததைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

போய் இறங்கிய அன்றே பாங்காக்கில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தவருக்கு ராத்திரியே காய்ச்சல். மற்றவர்கள் ஊர் சுற்ற, இவர் ஓட்டல் அறையில் போர்வைக்குள் கிடந்து ஜன்னல் வழியே எதிர்க் கட்டிடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி நாள் வந்தது. மழைக்காகக் கோயில் பார்ப்பதை ரத்து செய்துவிட்டு எல்லோரையும் மாலுக்கு அழைத்துப்போவதாக மேனேஜர் அறிவித்தார். அப்போது காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே சண்முகவள்ளி கீழே வந்தார்.

"நான் மாலுக்கு வரல. அந்த முனி கோயிலுக்குப் போறேன்."

"காய்ச்சல் அடிக்குது மேடம்."

"ஊருக்குப் போனாலும் அடிக்கத்தான் செய்யும். அங்கபோய் அடிச்சுக்கிறட்டும்."

ஈஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். "இவங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா சாணார்பட்டிப் பக்கம் நான் தலகாட்ட முடியுமா?" என்று முனகியபடி ஒரு குடையை வாங்கிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். செம்மண் கலந்த தண்ணீரில் ஆகாயத்தாமரை கொத்துக்கொத்தாக மிதந்து போயிற்று. எதிர்க்கரையில், மழைத்திரைக்குப் பின்னால், ஒரு கோபுரம். கிட்டப் போனால் அது முழுக்கப் பீங்கான் துண்டுகள். தட்டுகளை உடைத்து உடைத்துப் பூப்பூவாகப் பதித்த மாதிரி இருந்தது. நனைந்து அத்தனையும் மின்னியது. வாசலில் இரண்டு காவல் சிலைகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று பச்சை.

பச்சையைப் பார்த்ததும் சண்முகவள்ளி நின்றுவிட்டார். தினமும் காலையில் துடைத்து, பொட்டு வைத்து, ஊதுபத்தி காட்டுகிற கடை முனி. அதன் முன்னால் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் முத்துக்கிருஷ்ணன் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அண்ணனுக்கு இந்த எடம்னா உசுரு மதினி" என்றார் ஈஸ்வரன். "ரெண்டு தடவையும் இங்கதான் வந்தாரு. வாயப் பொளந்துக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு நிப்பாரு. படகு போயிரும்னு நாங்கதான் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவோம்."

சண்முகவள்ளிக்கு அழுகை வரும் என்று ஈஸ்வரன் பயந்தார். வந்தது கோபம்.

"இம்புட்டையும் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னா சொன்னாரு?"

"சொன்னா ஒங்களுக்கு ஏக்கமாயிரும்னு நெனச்சிருப்பாரு."

"சொல்லலைன்னா மட்டும் ஏக்கம் இல்லாமயா இருந்தேன்? எனக்கு இந்தக் கோயில் வேணாம் தம்பி. அவரு பாத்தத ஒக்காந்து என்கிட்டச் சொல்லியிருந்தா போதாதா?"

அதற்கப்புறம்தான் சண்முகவள்ளி அழுதார். மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். ஒவ்வொரு பூவையும் பார்த்தார். மூச்சு வாங்கியபோது உட்கார்ந்தார், பிறகு எழுந்து மறுபடியும் பார்த்தார். ஈஸ்வரன் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார். படகு போயிரும் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை.

சண்முகவள்ளி ஊர் திரும்பியபோது நான் கடையில் இருந்தேன். தக்காளிச் செடியில் இலைச்சுருட்டை, மருந்து வாங்க வந்தவன். முகம் வாடி, குரல் கட்டி, பையைக்கூடத் தூக்க முடியாமல் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் சுகன்யா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

"ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதே! மொதல்ல வந்து படும்மா. அங்க என்னதான் இருக்குன்னு இப்பிடி ஓடுன? சரி, அத நாளைக்குச் சொல்லு."

சண்முகவள்ளி சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். படுக்கப் போகவில்லை. விதை மூட்டை மேல் உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"எல்லாம் இருக்குடி" என்றார். "உக்காரு, சொல்றேன். அண்ணே, நீங்களும் உக்காருங்க."

இருமலை அடக்கிக்கொண்டு, ஆற்றில் மிதந்துபோன ஆகாயத்தாமரையிலிருந்து ஆரம்பித்தார்.