டிப்போ மேனேஜர் முகம்

கனி, சங்கர், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். பேட்டையில் லேத் பட்டறை வேலை. எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். வேறு யார் வீட்டுக்காவது இப்படி ஒரு காலை வந்தால், அவர்களும் படிக்கட்டும்.

போன வாரம் கனி என்னிடம் கேட்டாள்: "யப்பா, நாங்க சிரிச்சதாலதான் தாத்தா செத்துட்டாங்களா?"

அதனால் எழுதுகிறேன்.

தாத்தா பேட்டைக்கும் பாளைக்கும் ஓடுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் தொங்குகிறவரைப் பார்த்து, "அண்ணாச்சி, உள்ள வாங்க, உள்ளயும் இதே டிக்கெட்டுதான்" என்பார். பஸ்ஸே சிரிக்கும். தொங்குகிறவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்.

அவர் காலத்தில் ஒரு டிப்போ மேனேஜர் இருந்தாராம். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு திட்டுவாராம். ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் தாத்தா அந்த மேனேஜராக மாறிவிடுவார். வாயை இடப்பக்கம் இழுத்துக்கொண்டு, "ஏலே, எங்கலே நேத்து டூட்டிக்கு வரல?" என்பார். நாம் எல்லோரும் எழுந்து நின்று, "லீவு சார்" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவருக்குச் சட்னி கிடையாது. நாற்பது வயதில் நானும் எழுந்து நின்றிருக்கிறேன்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். காலை எட்டேகால். தாத்தாவின் வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. நாம் எழுந்து நின்றோம். அவர் ஏதோ சொன்னார். வார்த்தை குழைந்து வந்தது. காப்பி தாடையில் வழிந்தது. சங்கர் கைதட்டி, "தாத்தா, இன்னொரு வாட்டி!" என்றான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கனிதான் சொன்னாள்: "யப்பா, தாத்தா கண்ணு சிரிக்கல."

"மேனேஜரு சிரிக்கவா செய்வாரு?" என்றேன் நான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து உள்ளே போய்ப் படுத்தார். அதையும் நடிப்பு என்றே நினைத்தேன். "பைய போங்க சார்" என்று பின்னாலிருந்து கேலி வேறு செய்தேன்.

பதினொன்றேகாலுக்கு அம்மா மோர் கொண்டுபோனாள். "ஏங்க, இங்கன வாங்க! மாமாவுக்குக் கை தூக்க வரல!" அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸ் வண்ணார்பேட்டையில் பஸ்களுக்கு நடுவே நின்று நின்று போனது. அவர் வாழ்நாளெல்லாம் போய்வந்த அதே ரோடு. தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அப்போதும் கோணித்தான் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். மேனேஜர் முகத்தைப் பார்த்து முதல்முறையாகப் பயந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. இளவயது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"பதினொன்னேகாலுக்குத்தான் பார்த்தோம்."

"நீங்க பார்த்த நேரம் இல்லங்க. அவங்க கடைசியா நல்லா இருந்த நேரம்."

இது பக்கவாதமாக (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது) இருக்கலாம் என்றார். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி உண்டு. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம்.

எட்டேகால் என்று சொன்னால் ஊசி இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். பதினொன்று என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கமும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"காலம்பற எட்டேகாலுக்கே வாய் கோணிடுச்சு டாக்டர். விளையாட்டு காட்டுதாங்கன்னு சிரிச்சிட்டோம்."

அவர் திட்டவில்லை. "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஸ்கேனுக்கு ஓடுங்க" என்றார்.

பன்னிரண்டரைக்கு ஊசி ஏறியது. நான் வராந்தாவில் கடிகாரத்துக்கு நேரே நின்றேன். தப்பான நேரம் சொல்லியிருந்தால் ரத்தம் கசிந்து அங்கேயே போயிருக்கலாம். முன்னாலேயே வந்திருந்தால் நடந்தே வீட்டுக்கு வந்திருக்கலாம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்த முள் நகர்ந்தது.

தாத்தா பிழைத்தார். கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. புரியும், சொல்ல வராது. தண்ணீர் என்று கேட்கக்கூட வார்த்தை கிடைக்காமல் அழுதார். வாயின் கோணலும் முழுதாகப் போகவில்லை. நீங்கள் இருவரும் பக்கத்தில் போகப் பயந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் பயந்தேன்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்தவர் கிழமைகளைச் சொல்லச் சொன்னார். வரவில்லை. நான் சும்மா, அவர் பஸ் நிற்கிற இடங்களை, "பேட்டை, டவுன்" என்று ஆரம்பித்தேன்.

"ஜங்ஷன்" என்றார் தாத்தா. தெளிவாக! பிறகு நிற்காமல், "கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை." கடைசியில் பயிற்சியாளரைப் பார்த்து, "இறங்கு" என்றார்.

"என்னய வெளிய போகச் சொல்லுதாரு" என்று அவர் சிரித்தார். பழகிப்போன வரிசை சில பேருக்கு இப்படி மிஞ்சியிருக்கும் என்றார்.

பிறகு ஒரு ஞாயிறு, இட்லித் தட்டு முன்னால், தாத்தா இடது கையை நீட்டிக் கனியை அதட்டுவதுபோல் ஆட்டினார். கனி எழுந்து நின்று, "லீவு சார்" என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். அன்று தாத்தாவின் கண் சிரித்தது. நான் பார்த்தேன்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் இரண்டாவது அடைப்பு வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, உடனே ஓடினோம். இருந்தும் தாத்தா பிழைக்கவில்லை. அதனால் சொல்கிறேன் கனி: சிரிப்பால் அவர் சாகவில்லை. அன்று நேரம் போனது என் தவறு, பெரியவன் நான்தான். நீ கண்ணைப் பார்த்துச் சொன்னாய். நான் கேட்கவில்லை.

படிக்கிறவர்களுக்கு: எப்போதும் விளையாடுகிறவராக இருந்தாலும் சரி, சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று தடுமாறினாலும் மணியைப் பார்த்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எனக்கு இப்போது கை மரத்துப்போனாலும் மணி பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. உடம்பு என்னுடையது என்று முன்பு நினைத்தேன். கொஞ்ச நேரத்துக்குத் தந்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

காரியமெல்லாம் முடிந்து நீங்கள் இருவரும் அம்மாவும் குலசேகரன்பட்டினத்து ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தீர்கள். ஞாயிறு காலை. நான் கண்ணாடி முன்னால் நின்றேன். வாயை இடப்பக்கம் இழுத்தேன். "ஏலே, எங்கலே நேத்து டூட்டிக்கு வரல?" என்றேன். என் அப்பாவின் முகம் அப்படியே வந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு நிமிர்ந்து நின்று, "லீவு சார்" என்றேன்.

வாயை விட்டேன். நேரே திரும்பி வந்தது.

மணி பார்த்தேன். எட்டு பதினாறு.