செப்பு அண்டாவில் அணைந்த நீலம்

என் ஆராய்ச்சியே கண்ணுக்குத் தெரியாத கார்பன் துகள்களைப் பற்றியது. நீரில் கலந்து யு.வி. டார்ச் அடித்தால் அவை நீலமாக ஒளிரும். நீரில் செம்பு இறங்கியிருந்தால் ஒளி அணைந்துவிடும். "இதுக்கா இத்தினி வருஷம் படிக்கிற?" என்பார் மாமியார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அந்தப் பௌர்ணமிக்கு, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் அவர் தண்ணீர்ப் பந்தல் போட்டார். என் கணவர் விபத்தில் பிழைத்ததற்கான வேண்டுதல். கிரிவலம் வரும் ஒருவர் முதல் டம்ளரைக் குடிக்கும்வரை மாமியாரின் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. வழக்கமாகச் செப்பு அண்டாவில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். இந்த முறை வெயில் ஜாஸ்தி என்று, முந்தின நாளே எலுமிச்சை பிழிந்து உப்பும் போட்டு மூடி வைத்துவிட்டார்.

மாலையில், என்னைக் கேலி செய்தவருக்கு நீலத்தைக் காட்டலாமென்று அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு இருட்டான உள்ளறைக்குப் போனேன். கணவர் அங்கே குமட்டலோடு படுத்திருந்தார். வெயில்தான் என்று நினைத்தேன். என் கார்பன் கரைசலில் ஒரு துளி விட்டு டார்ச் அடித்தேன். ஒளியே இல்லை. எலுமிச்சையாலா, அண்டாவாலா? குழாய்த் தண்ணீரிலும் எலுமிச்சை, உப்பு சேர்த்துப் பார்த்தேன். பளிச்சென்று நீலம். அப்படியானால் அண்டாவின் செம்புதான் புளிப்பில் கரைந்து இறங்கியிருக்கிறது.

வாசலுக்கு ஓடினேன். வெறுங்காலோடு வந்த ஓர் அம்மாளிடம் மாமியார் முதல் டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். தட்டிவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"இன்னாம்மா பண்ற? வேண்டுதல் தண்ணிய கீழ ஊத்துறியே!"

"செம்பு எறங்கியிருக்குது அத்தை. குடிச்சா வாந்தி எடுப்பாங்க."

"உன் டார்ச்சு சொல்லுச்சா?"

அவர் அண்டாவை மறித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்திருந்தது. என் சோதனை தப்பென்றால் இந்த வீட்டில் இனி நான் வாய் திறக்க முடியாது. ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், இரண்டு டம்ளரிலும் டார்ச் அடித்தேன். ஒன்று நீலம். ஒன்று கறுப்பு.

அவர் அதைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"நான் விரதமாச்சேன்னு, உப்பு பாக்கச் சொல்லி இவனுக்குத்தான் ரெண்டு டம்ளர் குடுத்தேன்."

அண்டாவைக் கவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கணவர் வாந்தி எடுத்தார். ராத்திரி டாக்டர் வந்து, இனிப் பயமில்லை என்றார். நர்ஸ் மாமியாருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அதை வாயருகே கொண்டுபோனார். குடிக்கவில்லை. என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல நீ டார்ச் அடிச்சுப் பாரு."